தணல் மூடும் செபம்

டெக்லன் என்றொரு அயர்லாந்துச் சுவாமி
யாழ்ப்பாணத்துக் கூட்டத்தில் சொன்னார்:
அவருடைய ஊரில் இரவு அடுப்புத் தணலைச்
சாம்பலால் மூடுவதற்கென்றே
தனியாக ஒரு செபம் இருந்ததாம்.
யாரோ கொப்பியும் பேனையுமாய் வீடு வீடாய்ப் போய்
எழுதியிராவிட்டால்
சாம்பலோடு போயிருக்குமாம்.

என்னிடம் கொப்பி இல்லை, போன் இருந்தது.
இரணைப்பாலையில் பதினொரு வீடு.
பிள்ளைப்பேற்று நோவுக்கு ஒன்று, வலை இறக்க ஒன்று,
பாம்புக் கடிக்கு ஒன்று, அதில்
அந்தோனியாரும் நாகதம்பிரானும்
ஒரே வரியில் நிற்கிறார்கள்.
திருத்தவில்லை.

பன்னிரண்டாம் வீட்டில் யுஸ்ரினா
மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தா.
"தணல் மூடவோ? இருக்கு," என்றா
கத்தியை வைக்காமலே.
"பழசில்லைத் தம்பி. மாத்தளனிலை வந்தது.
வண்டு மேலை சுத்தும். வெளிச்சம் கண்டால் செல் வரும்.
கஞ்சி பாதி வெந்திருக்கும்,
மண்ணை அள்ளிப் போடுவம்.
போடேக்கை சொல்லுறது:

    தணலே தணலே கண்ணை மூடு
    மாதாவின் சீலைக்குள்ளை படு
    வண்டின் கண்ணுக்கு நீ மண்
    விடிஞ்சால் எங்களுக்கு நெருப்பு."

வேலிக்கு அங்காலிருந்து ஒரு குரல்:
"'விடிஞ்சால்' எண்டு ஆர் சொன்னது?
'விடிஞ்சாலும் விடியாட்டிலும்' எண்டெல்லே சொன்னனாங்கள்."
செலின்மேரி. இரண்டு பேரும்
ஒரே பங்கருக்குள் கிடந்தவர்கள்.
அரை மணித்தியாலம் வாக்குவாதம்.
பூனைக்கு ஒரு சூடைத் தலை கிடைத்தது.
அந்தக் கடைசி வரியைக் கட்டினவன்
யுஸ்ரினாவின் மூத்தவன் என்பது
சண்டையின் நடுவில் தவறி விழுந்தது.
அதற்குப் பிறகு
இருவரும் வரியைப் பற்றிப் பேசவில்லை.

மறைமாவட்டம் தந்த படிவத்தில்
'தொன்மை' என்றொரு கட்டம், குறைந்தது நூறு ஆண்டு.
பொய் எழுதலாமா என்று
பேனையைச் சற்று நேரம் கடித்தேன்.
'சொல்லித் தந்தவர்' என்றொரு கட்டம்.
பெயர் கேட்டேன்.
"டெனிஸ்ரன். வயசு பதினாலு."
பிறகு,
"பதினாலெண்டே போடு.
இப்பத்தை வயசிலை நான் அவனைக் காணேல்லை."

இரண்டு பாடத்தையும் எழுதினேன்,
விடிஞ்சாலும், விடியாட்டிலும்.
டெக்லன் சுவாமிக்காக ஓர் அடிக்குறிப்பு:
வண்டு, பூச்சி அல்ல.

பதிவின் கடைசி நாலு நிமிடத்தில்
மீண்டும் செதில் சுரண்டும் சத்தம் மட்டும்தான்.
வெட்டிவிடச் சொன்னார்கள் அலுவலகத்தில்.
வைத்திருக்கிறேன்.