பி3, பதினாலாம் தூண்

இருபத்தாறாம் மாடியில் எனக்கொரு அறை.
நாற்காலிக்குக் கைப்பிடி உண்டு,
கதவில் பெயர் உண்டு,
பெயரில் ஓர் எழுத்துப்பிழையும் உண்டு.
பாலங்களுக்குக் கணக்குப் போடுகிறவன் என்று
நாகர்கோவிலிலிருந்து அழைத்து வந்தார்கள்.
வந்த மாதமே பாலம் நின்றுபோனது.
சம்பளம் நிற்கவில்லை.

ஊரைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது கோலாலம்பூர்.
அங்கே வாசலில் பால் பாக்கெட் விழும்போது
இங்கே நான் சும்மா இருக்கத் தொடங்கி
அரை மணி ஆகியிருக்கும்.
பழைய வரைபடத்தைத் திறப்பேன்.
வடக்கைக் காட்டும் அம்பைச்
சற்றே இடப்பக்கம் நகர்த்திச் சேமிப்பேன்.
மறுநாள் வலப்பக்கம்.

போன வாரம் ஒரு கையெழுத்து கேட்டார்கள்.
கண்ணாடி போட்டு, முதுகை நிமிர்த்திப் படித்தேன்:
காப்பித்தூள் மூன்று கிலோ,
ஏ4 தாள் பத்துக் கட்டு.
அவசரமில்லை, என்ஜினியர், என்றார் நூர்ஹயாத்தி.
சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

தமயந்தி போனில் கேட்பாள்: வேலை ஜாஸ்தியா?
ஜாஸ்தி.
சாப்பிட்டீங்களா என்பதற்கு மட்டும்
உண்மை சொல்கிறேன்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன்.
கார் நிறுத்தும் தளத்தில், பி3-இல்,
பதினாலாம் தூணில் ஒரு விரிசல்.
மயிரிழை. யாருக்கும் ஆபத்தில்லை.
வெள்ளிதோறும் இறங்கிப் போய்
அதன் நுனியில் பென்சிலால் கோடிட்டுத்
தேதி போடுகிறேன்.
ஒன்பது வெள்ளிக்கு நாலு மில்லிமீட்டர்.
யாரும் கேட்காத வேலை.
அதைச் செய்கையில் மட்டும்
பழையபடி காது சூடாகிறது.

காவலாளி தில் பகதூர் முதலில் முறைத்தார்.
பிறகு டார்ச் பிடித்தார்.
அவர் மலாயும் என் மலாயும் சேர்ந்தால்தான்
ஒரு முழு வாக்கியம்.
விழுந்துவிடுமா, சார்?
விழாது.
இவ்வளவு நிச்சயமாய் ஒன்றைச் சொல்லி
எத்தனை நாளாயிற்று.

நேற்று இடி மூன்று மணிக்கே வந்துவிட்டது.
இறங்கிப் போனால்
தூணுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.
ஈரம் காயவில்லை.
கோடில்லை, தேதியில்லை, விரிசலும் இல்லை.

தில் பகதூர் என் முகத்தைப் பார்த்தார்.
துஷ்டி வீட்டில் நிற்பவர்போல் கொஞ்ச நேரம் நின்றார்.
அப்புறம் கையைப் பிடிக்காத குறையாய்
லிஃப்டுக்குப் பின்பக்கம் கூட்டிப் போனார்.
டார்ச்சை உயர்த்தினார்.
இருபத்திரண்டு. பாருங்க, சார்.
இது கொஞ்சம் பெரிசு.

பெரிசாகவே இருக்கட்டும் என்று
ஒரு கணம் ஆசைப்பட்ட மனசை
அந்த வெளிச்சத்தில் பார்த்து வெட்கப்பட்டேன்,
சட்டைப்பையில் பென்சிலைத்
தேடிக்கொண்டே.