இறுதிப் பயனர்

மேர் ரூஜ் கிடங்கில் ஏழாம் வரிசை.
நான்கு மரப்பெட்டிகள்.
காகிதத்தில்: டீசல் மின்னாக்கி, உதிரிகளுடன்.
பயன்: மீன் குளிர்பதனம்.
போய்ச் சேருமிடம் என்ற கட்டத்தில்
வெள்ளை மை பூசி, அது காயுமுன் எழுதிய
வேறொரு துறைமுகம்.

முகவர் வியாப்ரி வந்திருந்தார்.
வையாபுரி என்ற பெயர்
கப்பலிறங்கிய அன்று எழுத்தர் காதில் அப்படி விழுந்தது;
அந்தப் பிழை
நான்கு தலைமுறையாகப் பிள்ளை பெறுகிறது.
காகிதத்தை நான் நம்புவதில்லை.
வேறெதையும் நம்ப எனக்குச் சம்பளமும் இல்லை.

ரெஜிஸ் ஆணி பிடுங்கினான்.
எண்ணெய்த்தாளை விலக்கினால்
ரப்பர்மேல் ரப்பர், அதன்மேல் எந்திரம்.
அதிர்வு தரைக்குத் தெரியக்கூடாதாம்.
செத்த மீனுக்குத் தூக்கம் கெடுமா?

சாவிக்கொத்தின் டோடோ காந்தத்தைப்
புகைக்குழாயில் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டவில்லை. விழுந்தது டோடோ, வழக்கம்போல்.
"எவர்சில்வர், மதாம். வீட்டுக் குழம்புச்சட்டியிலும் ஒட்டாது."
உண்மைதான். என் வீட்டிலும் ஒட்டாது.

நான்காம் பெட்டியில் ஒரு நீளக்குழாய்,
நுனியில் ஒரு மூடி:
நீர் தொட்டதும் தானே சாத்திக்கொள்ளும்,
நீர் வடிந்ததும் திறக்கும்.
அந்தக் கணம் எந்திரம்
மூச்சை அடக்கி ஓடவேண்டும்.
பகலெல்லாம் மின்கலத்தில் கிடந்து
இரவில் நாசி மட்டும் நீட்டும் ஒன்றுக்கு
அந்த மூச்சு வேண்டும்.

"குளிர்பதனக் கூரைமேல் அலை எப்போது வரும்?"
"புயல் காலத்தில், மதாம்."
சிரித்தேன். சிரித்துக்கொண்டே
'நிறுத்தி வை' என்று எழுதினேன்.

அதோடு முடியவில்லை.
எந்திரம் செய்த நாடு
என் அறிக்கைக்கு நன்றி சொன்னது,
எங்கள் துறைமுகத்தையே பட்டியலில் சேர்த்தது.

ஆடியில் போர்ட் மத்யூரனிலிருந்து லிசியான் பெர்ரின் பேசினாள்.
கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்.
எரிபொருள் தெளிப்பான் பன்னிரண்டு,
ஒவ்வொன்றும் கட்டைவிரல் கனம்.
அதே நிறுவனம், அதே எண்.
உரிமம் வர தொண்ணூறு நாள்.
"பன்னிரண்டாம் நாள்தான் குழாயில் நீர் வருகிறது," என்றாள்,
"அதுவும் இரும்பு வாசனையோடு.
உங்கள் கையெழுத்து கேட்கிறார்களாம்."

படிவம் என் மேசையில்.
இவை எக்காலத்திலும், எவராலும்,
நீருக்கடியில் பயன்படுத்தப்படா என்று
இதனால் உறுதி கூறுகிறேன்.

எக்காலத்திலும்.
என் பெயரையே ஒழுங்காக எழுத இயலாத தீவில்
அந்தச் சொல்லுக்கு நான் ஜாமீன்.

ஏழாம் வரிசைப் பெட்டிகள் அங்கேயே நிற்கின்றன.
வழக்கு நடக்கிறது.
ரெஜிஸ் அவற்றின்மேல் தாள் விரித்து
தால்பூரி தின்கிறான்,
மிளகாய்த் துவையல் சொட்டிய இடத்தைத் துடைக்கிறான்.
போன வாரக் கணக்கெடுப்பில்
'தற்போதைய பயன்' என்ற கட்டத்தை
அவன்தான் நிரப்பினான்: மேசை.
நான் திருத்தவில்லை.

தொலைபேசி அடிக்கிறது.
ரொட்ரிக்ஸ் எண்.
பேனா மூடி எங்கே போனது?