ஏரோதின் அங்கி

எங்கள் வீட்டுக்கு வருவது
எப்போதும் மற்றவர்களுடைய நத்தார்.
பதினான்கு வருஷமாய் நான் கண்டது
கோட்டுகள் குவிந்த கட்டில்,
நாற்பது பேருக்கு ரோல்ஸ்,
கடைசிச் சப்பாத்து படியிறங்கும்போது
பிள்ளைகள் மேசையில் கவிழ்ந்து தூங்கிப்போயிருப்பது.

இந்த முறை வூப்பர்ட்டாலில்
மூன்று நாளாய் மழை.
பனி கேட்டிருந்த சின்னவனுக்கு
வானம் கழனித் தண்ணீரைக் கொடுத்தது.
ஆற்றுக்கு மேலே போகும் தொங்கு ரயில்
காலையோடு நின்றுவிட்டது.
ஜெர்மன்காரர் எங்களுக்கு இரவல் தரும் கோயிலில்
இரண்டு மணி ஆராதனைக்கு
நாங்கள் நால்வர்,
ஓர்கன் வாசிக்கும் பாக்கியநாதன்,
மழைக்கு ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவர்,
அவருடைய நாய்.
"நம் ஆண்டவர் எண்ணிக்கையைப் பார்க்கிறவரல்ல" என்றார்
எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே.
நாய் கொட்டாவி விட்டது.
ஜெரூஷா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
நானும்தான்.

மூன்றரைக்கே வீடு.
யாருமில்லாத நத்தாரை என்ன செய்வதென்று
அவருக்குத் தெரியவில்லை.
கதவைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.
வெள்ளைக் கழுத்துப்பட்டியைக் கழற்றாமலே
சோபாவின் நுனியில் இருந்தார்,
யாரோ வீட்டுக்கு ஜெபிக்கப் போனவர் மாதிரி.
"பலகாரம் எடுங்கோ பாஸ்டர்" என்றேன்.
பகிடி விளங்கவில்லை.
நன்றி சொல்லி ஒரு கொக்கிஸ் எடுத்தார்.

அப்போதுதான் கீழ்வீட்டு ஹேர்பிக் அம்மா
மணியை விடாமல் அடித்தாள்.
நிலவறைக்குள் தண்ணீர்.

அங்கேதான், கடதாசிப் பெட்டிகளில்,
எங்கள் பெத்லகேம் இருந்தது.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
அவர் முதலில் இறங்கினார்.
நடுப்படியில் நான், மேலே ஜெரூஷா,
வாசலில் சின்னவன்.
கைமாறிக் கைமாறி ஏறி வந்தன
ஒளிவிழாவின் பத்து வருஷங்கள்:
மேய்ப்பர்களின் போர்வைகள்,
ஒட்டகத்தின் முன்பாதி,
சாயம் கரைந்த வெள்ளைப்போளம்,
தேவதூதச் சிறகுகள் ஐந்து.
ஆறாவதை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை.
"சுகிர்தம், பிடியும்!" என்று
இருட்டிலிருந்து ஒரு குரல்.
சபைக்கு நான் பாஸ்டரம்மா,
அவருக்கு 'இஞ்சருங்கோ'.
யாரைக் கூப்பிடுகிறார் என்று
ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு வீடு முழுக்கக் காயப்போட்டோம்.
சிறகுகள் ஹீட்டரில்,
ஒட்டகம் குளியல் தொட்டியில்,
நட்சத்திரம் ஃபிரிட்ஜுக்கு மேலே.
ஏரோதின் அங்கியைப் பிழிந்துகொண்டிருந்தவரின் கை
கரையைக் கண்டதும் நின்றது.
"இது உம்மடை கலியாணச் சேலையல்லோ?"
"ம்."
"எப்ப வெட்டினனீர்?"
"நாலு வருஷம்.
ஏரோதின்ரை உடுப்பு நல்ல வடிவு எண்டு
மேடையிலை நிண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அந்த வருஷம் துணிக்குக் காசில்லை.
அதை நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
கத்தரிப்பூ நிறத் தண்ணீர்
வாளிக்குள் விழுந்துகொண்டே இருந்தது.
என்ன நினைத்தாரோ,
உதறி, ஈரத்தோடு, தோளில் போட்டுக்கொண்டார்.
"எங்கே அந்தப் பாலகன்!" என்று கர்ஜித்தார்.
சின்னவன் வீரிட்டு மேசைக்குக் கீழே பாய்ந்தான்.
ராஜா தவழ்ந்து துரத்த,
முழங்கால் வழுக்கிக்
கிறிஸ்துமஸ் மரத்தோடு சரிந்தார்.
விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தார்.
பிரசங்க மேடைக்கென்று வைத்திருக்கும்
அந்த அளந்த சிரிப்பில்லை.
மூச்சு முட்டி, இருமி,
கண்ணில் நீர் வந்து, இன்னும் நிற்காத சிரிப்பு.
ஜெரூஷா என்னைப் பார்த்தாள்:
"அப்பாவா அம்மா இது?"

போன் அடித்தது.
ஏரோதுதான் எடுத்தார்.
"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்
ஊர் அறிந்த அந்தக் கனத்த குரலில்,
என் சேலையிலிருந்து சொட்டுச் சொட்டாய்
கம்பளத்தில் தண்ணீர் வடிய.
"ஓம் தங்கச்சி, ஆராதனை நடந்தது.
ஆறு பேர்."
என் பக்கம் பார்த்தார்.
"நாயோடை ஏழு."