நாற்காலி டிக்கெட்

வெண்ணாறு வற்றிய மணலில் கொட்டகை.
தரைக்கு அரையணா, நாற்காலிக்கு எட்டு.
நடுவே ஒரு தாம்புக்கயிறு.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் அப்பா வெற்றிலை மடிக்கிறார்.
அந்தப் பக்கம்
எங்கள் களத்தில் நெல் தூற்றுகிறவர்கள்.

திரையோரம் தகரக் குழாயோடு மாசிலாமணி.
எங்கள் வண்டிக்காரர் மகன்,
மிஷன் பள்ளியில் எட்டு வரை.
படத்தில் எழுத்து வந்தால்
அதைத் தமிழில் கத்துவது அவன் வேலை.

ஜமீன் வீட்டுப் பெண் ஓடக்காரனிடம் என்னவோ சொல்கிறாள்.
வாய் அசைகிறது, அவ்வளவுதான்.
ஆர்மோனியக்காரருக்கு இருமல்.

கடைசிச் சுருளில் எழுத்து வந்தது.
துரைசானி வீட்டுக்கே வந்து புகட்டிய இங்கிலீஷ்,
வாசித்துவிட்டேன்:
தகப்பன் சொல் கேட்டு அவனை மறந்தாள்.

மாசிலாமணி குழாயை உயர்த்தினான்.
"மறக்கவில்லை!
ஆற்றில் தண்ணீர் வரட்டும் என்கிறாள்!"

தரை முழுக்கச் சீழ்க்கை.
திரையில் அவள் கழுத்தில்
வேறொருவன் தாலி கட்டிக்கொண்டிருந்தான்.
"இது கனவு!" என்று கத்தினான்,
கொஞ்சம் தாமதமாக.

அப்பா என் பக்கம் சாய்ந்தார்.
"நிஜமா என்னம்மா போட்டிருந்தது?"

நாற்காலிகளில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
அது அவனுக்கும் தெரியும்.
குழாயை இன்னும் இறக்கவில்லை.

"அவன் சொன்னதுதான்" என்றேன்.

வெளியே அவன் அப்பா
மாட்டைப் பூட்டிவிட்டு
எனக்குப் படிக்கட்டை எடுத்துப் போட்டார்,
முகம் பார்க்காமல்.
செருப்புக்குள் ஆற்று மணல் நறநறத்தது.

கொட்டகைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்:
மேற்கே மழையாம்.
இருபது நாளில் பிரித்தாக வேண்டும்,
தண்ணீர் வந்துவிடும்.