காந்தம் நிற்காத இடம்

ஒரு வண்டி ஓட்ட மூன்று வண்டி வாங்கினேன்.

முதலாவது லபுவாவில், கொட்டகைக்குள்.
முன்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
பொரிக்கட்டும், பிறகு இழுத்துப் போ என்றார் வெய்யோ.
காத்திருந்தேன். பதினொன்றில் ஒன்பது பொரித்தன.
இரண்டாவதன் எஞ்சினை
வயலுக்குத் தண்ணீர் இறைக்கக் கழற்றியிருந்தார்கள்.
மூன்றாவதில்
கதவு மட்டும்தான் கதவாக இருந்தது.
வலப்பக்கக் கதவு. ஆரஞ்சு.

டட்சன் நூறு ஏ.
ஒரு காலத்தில் எங்கள் ஊரில்
வீட்டுக்கொன்று நின்றதாம்.
ஜப்பானிலிருந்து கடல் தாண்டி வந்தவை
எங்கள் சாலையைத் தாண்டவில்லை.
இங்கே பனி உருக
ஆறு மாதம் உப்புத் தூவுவார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
மனிதரைவிட இரும்புதான்.
நினைத்து நினைத்துச்
சல்லடையாகிவிடும்.

பகலில் நான் பொய்ப்பல் செய்கிறவள்.
பக்கத்துப் பல்லுக்கு நிறம் பொருத்தி
யாருக்கும் தெரியாமல் உட்கார வைப்பது தொழில்.
இரவில் அதையே தகரத்துக்குச் செய்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
உள்ளே ஹீட்டர் பெயிண்டைக் காய்ச்சியது,
என்னை இல்லை.

பின்விளக்கு ஒகயாமாவிலிருந்து வந்தது,
செய்தித்தாளில் சுற்றி.
எழுத்து புரியவில்லை; பேஸ்பால் என்று படம் சொன்னது.
யார் ஜெயித்தார்களோ.
கண்ணாடிகளைக் கதவிலிருந்து எடுத்து
மூக்குக்கருகே வைத்தேன், அந்த ஊர் வழக்கப்படி.
உடம்பை மூன்று விரற்கடை இறக்கினேன்.
சக்கரத்தை அகலமாக்கினேன்.
அசல் அசல் என்று உயிரை விடுகிறவர்கள்
முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.
திருப்பட்டும்.

கதவில்தான் சிக்கல்.
உள்ளிருந்து வெளியே
யாரோ உதைத்த புடைப்பு, கையளவு.
டிங்கரிங் செய்து அமுக்கினேன்.
சுற்றிலும் பள்ளம் விழுந்தது.
பட்டி பார்த்தேன், தேய்த்தேன், பட்டி பார்த்தேன்.
ஆறாவது இரவு
என் உள்ளங்கைக்கே தெரியவில்லை.

ஜூலையில் அலயார்வி ஏரிக்கரையில் கண்காட்சி.
எண்பத்து நாலு வண்டி, அதைவிட அதிகமாய்க் கொசு.
நடுவர் கௌக்கோ.
மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பவர் போல
ஒவ்வொரு வண்டியிடமும் குனிந்தார்.
கையில் துணி சுற்றிய காந்தம்.
கூரையில் ஒட்டியது. பானெட்டில் ஒட்டியது.
வலக்கதவில்
வழுக்கிப் புல்லில் விழுந்தது.

பட்டி, என்றார்.
பட்டி, என்றேன்.
அடியில் என்ன?
உதை.
யாருடைய உதை?
தெரியாது.

ஆறடி மூன்றங்குல மனிதர்
பேனாவைக் காதில் செருகிவிட்டு உள்ளே ஏறினார்.
ஓட்டுனர் சீட்டில் உட்கார்ந்து எட்டினார். எட்டவில்லை.
பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மடக்கினார். கோணம் சரியில்லை.
பிறகு குறுக்கே சாய்ந்து படுத்தார்.
இடக்கால், என்றார் உள்ளிருந்து.
சின்னக் கால். முப்பத்தாறு இருக்கும்.
குதி உயர்ந்த செருப்பு.
எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார்.
தலை ஓட்டுனர் மடியில் இருந்தால்தான்
கால் அங்கே போகும்.

சண்டையோ, பிரசவ வலியோ,
வேறொன்றோ.
நாங்கள் இருவரும்
ஏரியைப் பார்த்தோம்.

நாலு புள்ளி குறைத்தார்.
கோப்பை, மழையே பார்க்காத
மஞ்சள் கொரோலாவுக்குப் போனது.
அதன் சொந்தக்காரன் அதை
ட்ரெய்லரில் கொண்டுவந்து
ட்ரெய்லரில் கொண்டுபோனான்.

நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.
இரவு பதினொன்று. வெளிச்சம் போகவேயில்லை.
மூன்றாவது கியரில் ஒரு முனகல்,
தண்ணீர் இறைத்த எஞ்சினின் பழக்கம்.
பக்கத்துச் சீட்டில் காப்பி பிளாஸ்க்,
பெல்ட் போட்டு.

வாசலில் நிறுத்தியபோதுதான் பார்த்தேன்:
பானெட்டில் கௌக்கோவின் காந்தம்.
அறுபது கிலோமீட்டர், இரண்டு ரயில் கேட்,
விழாமல் வந்திருக்கிறது.

கேட்டு அவர் இன்னும் போன் செய்யவில்லை.
நானும் கழற்றவில்லை.