எண் நாற்பத்தொன்று

பலகையில் முப்பத்துநான்கு எரிந்தபோதுதான்
நில்தா காதைத் தொட்டுப் பார்த்தாள்.
வலது. பிறகு இடது.
இரண்டும் மூளி.
முத்துத் தோடுகள் வீட்டில்,
சோப்புப் பெட்டியில் கிடக்கின்றன.
வீடு ஆற்றங்கரையில்.
பைசாண்டுவில் பேருந்து அரைமணிக்கு ஒன்று,
அதுவும் மழை இல்லாவிட்டால்.

"ஐம்பத்துமூன்றில் கல்யாணம்.
காதையா பார்க்கப்போகிறார்கள்?" என்றேன்.
பதில் இல்லை.
பதினோரு வருடமாகப் பேருந்து நிலையத்தில்
பக்கத்துப் பக்கத்துச் சீட்டு ஜன்னல் எங்களுக்கு.
அவள் பேசாதிருந்தால்
அடுத்து வருவது அழுகை.

என் பையில் குரோஷா ஊசி இருந்தது.
கத்தரிக்கோலை வாசல் காவலாளி பிடுங்கிக்கொண்டு
டோக்கன் கொடுத்திருந்தான்.
நூல்தான் இல்லை.
இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே
மாத்தேக்கு வெந்நீர் ஊற்ற
ஃபிளாஸ்கைத் தூக்கினேன்.
அதற்குப் போன ஜூலையில் நான் போட்ட சட்டை,
கடுகுமஞ்சள் பருத்தி நூல்,
கழுத்தில் சுருக்குக் கயிறு.

முப்பத்தைந்து.
கயிற்றை உருவி அவிழ்த்தேன்.
ஆறு சங்கிலி, ஒரு வளையம்,
வளையத்துக்குள் பன்னிரண்டு தூண்.
ஓரத்துக்கு வந்ததும்
மூன்று சங்கிலி, ஒரு கடி,
மூன்று சங்கிலி, ஒரு கடி.
எதிர் பெஞ்சில் பிறப்பைப் பதிய வந்தவன்
தூங்கும் குழந்தையோடு என் விரலையே பார்த்தான்.

முப்பத்தேழு.
கயிறு சரியாக ஒரு தோட்டுக்குத்தான் வந்தது.
அவளுடைய சான்றிதழ்களைப் பிடித்திருந்த கிளிப்பை
நிமிர்த்தி வளைத்துக் கொக்கியாக்கினேன்.
நகப்பூச்சு ஒரு கோட்டிங்,
விறைப்புக்கு.
"ஊது," என்றேன்.
மணப்பெண் ஊதினாள்.

இரண்டாவதற்குச் சட்டையிலேயே கை வைத்தேன்.
முடித்த இடத்தில் முடிச்சைத் தேடி
நிமிண்டி எடுத்து இழுத்தால்
கடகடவென்று வருகிறது,
ஒரு வாரம் போட்டது ஒரு நிமிடத்தில்.
சுருண்ட நூல், பழைய வடிவத்தை மறக்காத நூல்.
ஊசியில் நிற்க மாட்டேன் என்கிறது.

நாற்பது.
யமந்து கிரீஸ் போகாத நகங்களோடு
புகைத்துவிட்டு உள்ளே வந்தான்.
"என்ன இது? மஞ்சளா?"
மஞ்சள் அவனுக்கு ஆகாத அணியின் நிறம்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் திட்டித் திட்டியே
தொண்டை கட்டிப்போனவன்.
"உன் கிளிப்பைக் கொடு," என்றேன்.
கொடுத்தான். பாவம், நல்லவன்.

கடைசிச் சுற்றில் நாலு கடி பாக்கி.
நாற்பத்தொன்று எரிந்தது.

அப்படியே மாட்டிவிட்டேன்.
நூலை அறுக்கவில்லை.
என் முன்பல் இரண்டும் கழற்றி மாட்டுபவை.
அவள் கடித்தால் உதட்டுச்சாயம் போய்விடும்.
முறுக்கிய பருத்தி, இழுத்தால் விரல்தான் அறும்.
ஆகவே மணப்பெண் முன்னே நடந்தாள்,
இரண்டடி பின்னால் நான்,
கக்கத்தில் ஃபிளாஸ்க்.
இந்த ஊரில் கக்கத்தில் ஃபிளாஸ்க் இல்லாதவனைத்தான்
திரும்பிப் பார்ப்பார்கள்.
ஆனால் எவருடைய ஃபிளாஸ்கும்
இன்னொருத்தியின் காதோடு கட்டப்பட்டிருக்கவில்லை.

பதிவாளர் அம்மாள் கண்ணாடியைத் தாழ்த்தினாள்.
"இது என்ன?"
"சாட்சி," என்றேன்.

கையெழுத்துப் போட அவள் குனிந்தபோது
சட்டை இன்னும் ஒரு சுற்று அவிழ்ந்தது.
நிமிர்ந்தபோது இன்னொன்று.
அப்போதுதான் யமந்து
அவள் கழுத்துப் பக்கம் சாய்ந்தான்.
முத்தம் என்று நினைத்து
பதிவாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடித்தான்.
அந்த மஞ்சளை, காதுக்கு ஒரு விரல் கீழே,
கண்ணை மூடிக்கொண்டு,
இரண்டு தடவை கடித்தான்.
பிறகு நாக்கிலிருந்து ஒரு இழையை எடுத்து
என்ன செய்வதென்று தெரியாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆகஸ்டு ஆகிவிட்டது.
வலது தோடு பெரிது, இடது தோடு சிறிது.
இடதில் ஒரு விரல் நீளம் வால்.
"கொடு, செருகித் தருகிறேன்,
அந்த நாலு கடியையும் முடித்துவிடுகிறேன்."
"அப்புறம்," என்கிறாள்.
அடுத்த ஜன்னலில்
சால்டோவுக்கு இரண்டு சீட்டு கிழிக்கிறாள்.
வால் ஆடுகிறது.

என் ஃபிளாஸ்க் இடுப்புக்கு மேலே அம்மணம்.