என் என் என்

தோஹாவில் எங்கள் ஆய்வகத்துக்குள் இதுவரை
ஒரு பன்றியும் வந்ததில்லை.
வந்ததெல்லாம் எழுத்துகள்: ஏ, டி, ஜி, சி.
கடலுக்கடியில் கேபிள் வழியே
இருநூற்றைம்பது கோடி.
சுங்கத்தில் யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை.

எந்த மரபணு எங்கே குடியிருக்கிறது என்று
கதவிலக்கம் எழுதுவது என் வேலை.
மோப்பத்துக்கு மட்டுமே ஆயிரத்துக்கும் மேல் வாசல்கள்.
வாசிக்க முடியாமல் போன இடத்தில்
இயந்திரம் என் என்ற எழுத்தைப் போட்டுவிடும்.
தெரியாது என்று அர்த்தம்.
சில இரவுகளில் திரை முழுக்க
என் என் என் என் என்
யாரோ எதையோ தன்னுடையது என்று சொல்ல வந்து
திக்கி நின்றதுபோல.

பத்தேகாலுக்கு சீனி உதுமான் வண்டி.
கீழக்கரைக்காரர்.
'போன வாரம் இருந்த ரோடு இந்த வாரம் இல்ல.
தோண்டித் தோண்டி மேப்பை மாத்துறானுவ.
நீங்களும் மேப்புதான் போடுறீகளாமே, எந்த ஊருக்கு?'
சொன்னேன்.
சிக்னல் பச்சையான பிறகும் வண்டி நின்றது.
பின்னால் ஹாரன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்
கிரிக்கெட் மட்டும் பேசினார்.

'அதோட கிட்னிய மனுசனுக்கு வைக்கிறாகளாமே, நெசமா?'
கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் கேட்டார்.
முதல் குரோமோசோமில் ஒரு மரபணு, என்றேன்,
செல்லின் மேல் ஒரு சர்க்கரையைப் பூசும்.
அதைக் கண்டால் நம் ரத்தம் சண்டைக்குப் போகும்.
அதை மட்டும் வெட்டிவிட்டால்...
'சர்க்கரை என்ன சர்க்கரை, சீனின்னு சொல்லுங்க.
நம்ம பேருதான் குறுக்க நிக்குது.'
சிரித்தபடியே டேஷ்போர்டைத் திறந்து
நாலாய் மடித்த தாளை நீட்டினார்.
கிரியேட்டினின் நாலு புள்ளி ஆறு.
கம்பெனிக்குத் தெரியாது.
விசா புதுப்பிக்க இன்னும் ஐந்து வாரம்.

'ஹஜரத்துகிட்ட கேட்டேன்.
உசுரு போற நேரத்துல ஆகும்ங்கிறாரு.
போற நேரம் எதுன்னு
அவருக்கும் சொல்லத் தெரியல.'

மறுநாள் அந்த மரபணுவின் எல்லையை
மீண்டும் அளந்தேன், யாரும் கேட்காமலே.
இரண்டு எழுத்து தள்ளிக் குறித்திருந்தோம்.
திருத்திச் சேமித்தேன்.
அதனால் எந்தச் சிறுநீரகமும் ஒரு நாள் முன்னால் வராது,
தெரியும்.

ஞாயிறு வேறொரு டிரைவர், சின்னப் பையன்.
பழையவர் எங்கே என்று கேட்டேன்.
தலையை ஆட்டினான், எந்தப் பக்கம் என்று புரியவில்லை.
அவன் போனில் மேப்
வலப்புறம் திரும்பச் சொல்கிறது.
வலப்புறம் பள்ளம், சிவப்புத் தடுப்பு, மணல்.
விளக்கை உயர்த்திப் போட்டு
இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.